கூட்டுக்கு முன் மண்: களமசேரியில் கோழி வளர்க்கத் தொடங்குவோர் கேட்காத கேள்வி

களமசேரியிலோ அதையொட்டிய திருக்காக்கரை, ஏலூர், ஆலுவா பகுதிகளிலோ ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருவர் முதன்முறையாகக் கோழி வளர்க்க எண்ணினால், அவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. கூட்டை மரத்தில் செய்வதா, கம்பிவலையில் ஆயத்தமாக வாங்குவதா? நாட்டுக்கோழியா, கலப்பினமா? ஒருநாள் குஞ்சா, ஒன்றரை மாதக் குஞ்சா? சேவல் இல்லாமல் முட்டை கிடைக்குமா? இவை அனைத்தும் நியாயமான கேள்விகளே; இவற்றுக்கு விடை சொல்லக் கால்நடை மருத்துவமனையும் அக்கம்பக்கத்து அனுபவசாலிகளும் உண்டு. ஆனால் அந்தக் கோழி எந்த மண்ணைக் கிளறப்போகிறது என்ற கேள்வி இவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. களமசேரியைப் பொறுத்தவரை அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்; கூட்டின் வடிவமும் குஞ்சின் இனமும் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே முடிவாக வேண்டும்.

இப்படிச் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. களமசேரிக்கு அடுத்து, பெரியாறு இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்திருக்கும் தீவு ஏலூர். 1940களில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை அங்கே உருவானது. மலேரியா ஒழிப்புக்கான டிடிடி மருந்தைத் தயாரிக்க 1950களில் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் ஆலை வந்தது. பின்னாளில் எண்டோசல்ஃபானும் அங்கே தயாரானது. அருமண் ஆலை, ஆற்றின் மறுகரையான எடயாற்றில் நெடுங்காலம் இயங்கிய துத்தநாக உருக்காலை, தோல், வேதிப்பொருள் சார்ந்த சிறு ஆலைகள் எனப் பெரியாற்றின் கடைமடை கேரளத்தின் மிகப்பெரிய வேதித்தொழில் வட்டாரமாயிற்று. ஏலூரின் குழிக்கண்டம் தோட்டில் 1999-இல் கிரீன்பீஸ் அமைப்பு எடுத்த மாதிரிகளில் டிடிடி உள்ளிட்ட குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் காணப்பட்டன. (மலையாளத்தில் தோடு என்பது ஓடை.) 2004-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்தது. இவையெல்லாம் சூழலியல் மாணவர்கள் அறிந்த செய்திகள்.

அவ்வளவாக நினைவுகூரப்படாத ஒன்று 2005-ஆம் ஆண்டின் முட்டை அறிக்கை. நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் உறுப்பு நாடுகள் மாநாடு அவ்வாண்டு மே மாதம் உருகுவேயில் கூடவிருந்த வேளையில், ஐபென் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு பல நாடுகளில் ஆலைகள், எரியூட்டிகள், குப்பைமேடுகள் ஆகியவற்றுக்கு அருகே தரையில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளைத் திரட்டிப் பரிசோதித்தது. இந்தியாவிலிருந்து தேர்ந்த இடங்களுள் ஒன்று ஏலூர். திருவனந்தபுரத்தின் தணல் அமைப்பு அங்கே முட்டைகளைச் சேகரித்தது. மஞ்சட்கருவில் டையாக்சின், பிசிபி, ஹெக்சாகுளோரோபென்சீன் ஆகிய மூன்றும் இருந்தன. டையாக்சின் அளவு ஒரு கிராம் கொழுப்புக்கு 3 பிக்கோகிராம் என்ற அப்போதைய ஐரோப்பிய ஒன்றிய வரம்பை மீறியிருந்தது. ஆலை வளாகத்து மண்ணையோ ஆற்றுச் சேற்றையோ பற்றிய செய்தி அன்று அது. வீட்டுக் கொல்லையில் வளர்ந்த கோழியின் முட்டையைப் பற்றியது.

அந்த அறிக்கையை மிகையாகப் படிக்கவும் கூடாது. மாதிரி சிறியது. நச்சு எந்த ஆலையிலிருந்து, எந்தக் காலத்தில், எவ்வழியாக வந்தது என்பதை ஒரு முட்டைப் பரிசோதனை தனித்து நிறுவ முடியாது. ஏலூரில் கண்டது களமசேரியின் ஒவ்வொரு கொல்லைக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கும் இடமில்லை. மண்ணின் மாசு தெருவுக்குத் தெரு, சில இடங்களில் வேலிக்கு வேலி மாறும். எனினும் அது ஒன்றைத் தெளிவாக்கியது. மண் கெட்டிருக்கிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவிகளுக்கு முன்பாகவே மனிதர் வளர்த்து வைத்திருக்கும் ஒரு கருவி கோழி.

அதன் காரணம் கோழியின் இயல்பிலேயே இருக்கிறது. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை அது கிளறுவதிலும் கொத்துவதிலும் செலவிடுகிறது. புழு, பூச்சி, புல்நுனி, விதை, அரைவைக்கான சிறுகல் என்று கொத்தும்போது மண்ணும் உள்ளே போகிறது. மேய்ச்சல் நிலத்தின் நிலையைப் பொறுத்து நாளொன்றுக்கு முப்பது கிராம் வரைகூட அது மண்ணை விழுங்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. டையாக்சினும் பிசிபியும் நீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. ஒரு முட்டையின் ஐந்தாறு கிராம் கொழுப்பு முழுவதும் மஞ்சட்கருவில்தான் இருக்கிறது. ஆகவே மண்ணில் பரவிக் கிடக்கும் நச்சைச் சேர்த்துச் சுருக்கி மஞ்சட்கருவில் வைப்பது கோழியின் உடலுக்கு இயல்பான வேலையாகிவிடுகிறது. ஈயத்தின் வழி வேறு. ஒவ்வொரு முட்டையோட்டுக்கும் இரண்டு கிராம் அளவு கால்சியம் தேவைப்படுவதால், முட்டையிடும் கோழியின் குடல் கால்சியத்தை வேட்கையோடு உறிஞ்சுகிறது. உருவொப்புமை கொண்ட ஈயம் அதே வாயில் வழியே நுழைந்துவிடுகிறது. சிட்னி நகரின் வீட்டுக் கோழிகளை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வு, கடை முட்டையைவிட வீட்டு முட்டையில் ஈயம் சராசரியாக நாற்பது மடங்கு மிகுதி என்று கண்டது. அங்கே ஆலை ஏதும் காரணமன்று. பழைய வீடுகளின் வண்ணப்பூச்சும், ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்துத் தெருப்புழுதியும்தாம். கோழி உலவும் மண்ணில் ஈயம் கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று அவ்வாய்வாளர் வகுத்த எல்லை, இந்திய நகரங்களில் வீட்டுக்கோழி வளர்ப்போருக்கும் பயன்படக்கூடிய ஓர் எண்.

ஐரோப்பா இதைத் தாமதமாகத்தான் கற்றது. பெல்ஜியத்தின் ஸ்வைண்ட்ரெக்ட் நகரில் 3எம் ஆலையைச் சூழ்ந்த பகுதி மக்களுக்குக் கொல்லைக் கோழி முட்டையைத் தவிர்க்குமாறு 2021-இல் அறிவுறுத்தப்பட்டது. பாரிஸ் வட்டாரத்தின் நலவாழ்வு நிர்வாகம் 2023-இல் அதே அறிவுரையை அப்பெருநகரின் பரந்த பகுதிக்கு விடுத்தது. நெதர்லாந்தின் பொதுநலவாழ்வு நிறுவனம் 2025 ஏப்ரலில் நாடு முழுவதற்குமே அப்படிச் சொல்லிவிட்டது. மண்புழு வழியாக நச்சு ஏறுகிறது என்பது அவர்கள் ஐயம். 'இயற்கையாக மேய்ந்த கோழி' என்ற சொல்லுக்கு உலகெங்கும் கிடைத்திருக்கும் நற்பெயரை இந்த அறிவிப்புகள் சங்கடப்படுத்துகின்றன. தமிழகத்திலும் கேரளத்திலும் நாட்டுக்கோழி முட்டைக்குக் கடை முட்டையைவிடக் கூடுதல் விலை கொடுப்போர் மனத்தில் இருப்பது, அது கலப்பற்றது என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கை எந்தக் கோழி என்பதைப் பார்க்கிறதே ஒழிய எந்தத் தரை என்பதைப் பார்ப்பதில்லை. நச்சேறிய நிலத்தில், குறைவாக முட்டையிடுவதும் ஓயாது மேய்வதுமான நாட்டுக்கோழியின் ஒவ்வொரு முட்டையிலும் நச்சின் செறிவு மிகவே வாய்ப்புண்டு. உட்கொண்டது குறைந்த எண்ணிக்கை முட்டைகளுக்குள் பங்கிடப்படுகிறது அல்லவா.

இனிக் கூட்டுக்கு வரலாம். இங்கே ஒரு நேர்மையான இக்கட்டு எழுகிறது. கூண்டுக்கோழி வளர்ப்பின் கொடுமையை 1964-இல் ரூத் ஹாரிசன் எழுதிய 'அனிமல் மெஷின்ஸ்' உலகுக்கு எடுத்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வெற்றுக் கம்பிக்கூண்டை 2012 முதல் விலக்கியது. இந்தியச் சட்ட ஆணையமும் முட்டைக்கோழிகளின் இருப்பிடம் பற்றி 2017-இல் 269-ஆம் அறிக்கையை அளித்தது. சிறகை விரிக்கவும், தூசிக்குளியல் ஆடவும், கிளறவும், மறைவாக அமர்ந்து முட்டையிடவும் முடியாத கோழி துன்புறுகிறது என்பதில் இன்று அறிவியல் ஐயம் இல்லை. அப்படியிருக்கக் கேரளத்தில் வீட்டு மாடிக்கும் முற்றத்துக்கும் பரவலாக விற்பனையாவது 'ஹைடெக் கூடு' எனப்படும் கம்பிவலை அடுக்குதான். நிப்பிள் வழியே நீர், முன்புறம் தீவனத் தொட்டி, சரிவான தரையில் உருண்டு வந்து சேரும் முட்டை, அடியில் எச்சத்தட்டு. வேலை குறைவு, நாற்றம் குறைவு, கீரிக்கும் மரநாய்க்கும் எட்டாது. களமசேரி மண்ணைப் பற்றிய ஐயம் உண்மையாகும் இடத்தில், விலங்கு நலத்தின் கண்ணுக்கு மோசமான இந்தக் கூண்டே குழந்தையின் தட்டில் தூய முட்டையை வைக்கிறது. இந்த முரணை மறைத்துவிட்டு மேய்ச்சலையோ கூண்டையோ புகழ்வது எளிது. அறிவுரை சொல்வோர் பலர் செய்வது அதுவே.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. சற்றே கூடுதல் செலவும் வேலையும் அதற்குத் தேவை. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய, கோழியொன்றுக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையாத உறங்கும் கூடு. அதனோடு இணைந்து, மேலும் பக்கமும் வலையிட்ட ஓர் உலாவிடம். அந்த உலாவிடத்தின் தரை கொல்லை மண்ணாக இராமல், சிமெண்ட் தளமோ கற்பாவலோ போட்டு, அதன்மேல் அரையடி உயரத்துக்குத் தென்னைநார்க் கழிவு, மரத்தூள், உமி இவற்றுள் கிடைப்பது பரப்பப்பட வேண்டும். தூசிக்குளியலுக்கு ஒரு பெரிய தொட்டியில் மாசற்ற மணல். கிளறலும் குளியலும் உலாவலும் கோழிக்குக் கிடைக்கின்றன, மண் கிடைப்பதில்லை. கீரையும் முருங்கையிலையும் சமையலறைக் காய்கறித் துண்டுகளும் கொண்டு வந்து போடலாம். ஓட்டுக்கான கால்சியத்துக்கு வேம்பநாட்டுக் காயலின் கக்காச் சிப்பி பொடித்துக் கிடைக்கிறது. எடுத்த இடம் ஆலைக் கால்வாய்களுக்கு அருகில் இல்லையென்று உறுதிசெய்து கொள்வது நல்லது. கூலித்தீவனம் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் ஆகும். மேய்ச்சல் இல்லையென்றால் இச்செலவைக் குறைக்க வழியில்லை என்பதை முன்பே கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.

'வெளியிலிருந்து நல்ல செம்மண் ஒரு லோடு கொண்டுவந்து கொட்டினால் போதாதா?' என்று கேட்கப்படுவதுண்டு. கொச்சியின் புறநகர் நிலங்களில் கணிசமானவை வயலையும் சதுப்பையும் நிரப்பி எழுந்தவை. நிரப்பிய பொருள் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாறு இப்பகுதியின் தாழ்நிலங்களுக்குள் புகுந்து சேற்றைப் படியவிட்டுச் சென்றது. அந்தச் சேறு இன்று தோட்டமண்ணோடு கலந்து அடையாளம் தெரியாமல் கிடக்கிறது. புதிதாக ஒரு லோடு மண் வாங்குபவர், முகவரி தெரியாத இன்னொரு மண்ணைத்தான் வாங்குகிறார். அதையும் பரிசோதித்தால் சரி.

கூட்டுக்கான பொருளிலும் இதே கவனம் வேண்டும். பழைய கதவு, சன்னல், கப்பல் பெட்டிப் பலகை என்று கிடைத்ததைக் கொண்டு கூடு அடிப்பது சிக்கனமாகத் தோன்றும். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், கரையான் அண்டாதபடி மருந்தேற்றிய பலகையில் ஆர்செனிக்கும் இருக்கலாம். கோழி பலகையையும் கொத்தும். கல்நார்க் கூரைத் துண்டும் ஆகாது. மற்றபடி இங்கே கூட்டின் பெரும்பகைவன் மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் அடிக்கும் திசையில் கூரை நீண்டு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் காற்றோட்டம் தடைபடக்கூடாது. ஈரம் ஊறிய படுக்கையில் அம்மோனியா மூக்கைத் துளைக்கும், இரத்தக்கழிச்சல் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும். அறுகோண மெல்வலை காகத்தைத் தடுக்குமே தவிரக் கீரியைத் தடுக்காது. அரையங்குலப் பற்றவைப்பு வலை தேவை. பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழியை அடைத்து வளர்ந்த தமிழ்க் கிராமத்து நினைவு இங்கே உதவாது. அங்கே நாளெல்லாம் ஆள் நடமாட்டம் இருந்தது, வாசலில் நாய் இருந்தது. களமசேரி வீட்டில் காலை எட்டு மணிக்குக் கதவு பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் திறக்கிறது.

குஞ்சு பற்றிய முடிவு இதற்குப் பிறகே. புதியவருக்கு ஒருநாள் குஞ்சு ஆசை காட்டும், விலையும் குறைவு. முதல் வாரம் 35 பாகை வெப்பம், பிறகு வாரந்தோறும் மூன்று பாகை வீதம் குறைத்து வர வேண்டும். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. மழைக்கால இரவில் மின்சாரம் மூன்று மணி நேரம் போனால் காலையில் பாதிக் குஞ்சுகள் இரா. தாய்க்கோழி இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பை முதல் முறையே ஏற்பது விவேகமாகாது. கேரளத்தில் ஒருநாள் குஞ்சுகளை வாங்கி, தடுப்பு மருந்து கொடுத்து, ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்து விற்கும் 'எக்கர் நர்சரி' என்ற ஏற்பாடு உண்டு. புதியவர் அங்கே போவதே நல்லது. வாங்குமுன் கேட்க வேண்டியது, முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் இராணிக்கெட் நோய்க்கான சொட்டு மருந்தும், இடையில் கம்போரோ மருந்தும் கொடுக்கப்பட்டனவா என்பது. எட்டாம் வார வாக்கில் போட வேண்டிய ஊசி பெரும்பாலும் வாங்குபவர் பொறுப்பாகிவிடும்; அது மறக்கப்படுவதால்தான் வெள்ளைக்கழிச்சல் வந்து கூடு ஒரே வாரத்தில் காலியாகிறது. 1927-இல் குமாவோன் மலையூரான இராணிக்கெட்டில் இனங்காணப்பட்ட அந்நோய் இன்றும் வீட்டுக்கோழியின் முதல் எமன்.

இனம் என்பதில் பெருமை பேசுவோர் மிகுதி. ஆண்டுக்கு முந்நூறு முட்டை அளவுக்கு இடும் பிவி 380 போன்ற கலப்பினம், மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ, ஹைதராபாதின் கிராமப்ரியா, வட கேரளத்தின் தலசேரி, தமிழகத்தின் சிறுவிடை, பெருவிடை என்று தேர்வுகள் பல. உயர்த்திய கூட்டில் அடைத்து வளர்க்கும் நிலையில் கலப்பினமும் கிராமஸ்ரீ போன்றவையும் அமைதியாகப் பொருந்தும். பெருவிடையும் அசிலும் நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக் குருதி காணும். ஆனால் கலப்பினம் வாங்குபவர் ஒன்றை முன்னதாகவே தீர்மானிக்க வேண்டும். அது அடைகாக்காது, அதன் சந்ததி வீட்டில் பெருகாது, ஒன்றரை ஆண்டு கழித்து முட்டை குறையத் தொடங்கும்போது அதை என்ன செய்வது? கறியாக்கும் மனம் இல்லாத வீட்டில் அந்தக் கோழி மேலும் நான்கைந்து ஆண்டு தீவனம் தின்று வாழும். அதற்கு ஒப்புதல் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அக்கேள்விக்கு விடை காணும்வரை வாங்காதிருக்கலாம். பறவைக்காய்ச்சல் வந்தால் விடை அரசிடம் இருக்கும்: 2020 மார்ச்சில் கோழிக்கோட்டில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வீட்டுக்கோழிகளும் வளர்ப்புப் பறவைகளும் அழிக்கப்பட்டன.

திருவிழாக் கடைகளில் இளஞ்சிவப்பும் பச்சையும் பூசி விற்கப்படும் குஞ்சுகளைப் பற்றி ஒரு சொல். முட்டையினக் குஞ்சுகளில் பாதி சேவல். அவை முட்டையிடா, கறிக்கும் வளரா. மசுயியும் ஹாஷிமோட்டோவும் தம் ஜப்பானிய நாட்டில் கண்ட, ஒருநாள் குஞ்சின் பாலைக் கையால் பிரித்தறியும் முறை 1927-இல் ஒட்டாவா உலகக் கோழியியல் மாநாட்டில் உலகறிய வைக்கப்பட்டபின், அந்தப் பாதியைப் பிறந்த அன்றே கழித்துவிடுவது தொழிலின் வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடைசெய்தது. இங்கே கழிக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதிதான் சாயம் பூசப்பட்டுக் குழந்தைகள் கைக்கு வருகிறது. கோழி வளர்ப்பின் முதல் பாடம் மூன்றாம் நாள் சாவாக அமைய வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் வலிய எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. கோழி என்பது ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் கையிருப்பு. குழந்தைக்குக் கிடைக்கும் மலிவான முழுப்புரதம் முட்டை. கேரள அரசின் கோழி வளர்ப்புக் கழகம் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோழி வழங்கி வந்திருக்கிறது. தமிழக அரசும் ஊரகப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வழங்குகிறது. பிக்கோகிராம் கணக்குப் பேசி அவர்களை அச்சுறுத்தினால், கண்ணுக்குத் தெரிந்த ஊட்டத்தைப் பறித்துக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைக் காட்டுவதாகாதா? இந்த வாதத்தில் உண்மை உண்டு. வாரம் இரண்டு முட்டை தின்னும் பெரியவரின் நிலையும், தன் வீட்டு முட்டையை நாள்தோறும் தின்னும் மூன்று வயதுக் குழந்தையின் நிலையும் ஒன்றல்ல என்பதும் உண்மை. டையாக்சின் உடனே நோய் தருவதில்லை. உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கி, தாய்ப்பால் வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. வறிய குடும்பம் ஆலையை அடுத்த மலிவு நிலத்தில்தான் குடியிருக்கிறது. அதன் கோழிதான் வேலியில்லாமல் ஓடைக்கரையில் மேய்கிறது. ஆகவே எச்சரிக்கை மிகத் தேவைப்படுவதும் அவர்களுக்கே, உயர்த்திய கூட்டுக்குச் செலவிட இயலாதவர்களும் அவர்களே. மண்ணைக் கெடுத்தது ஒருவர், அதற்குத் தடுப்பாகத் தளம் போடும் செலவு இன்னொருவர் தலையில் என்பது நியாயமாகாது. கோழி வழங்கும் திட்டம் ஏலூர், எடயாறு, களமசேரி போன்ற இடங்களில் கோழியோடு மண் பரிசோதனையையும், தேவையெனில் தளமிட்ட கூட்டையும் சேர்த்தே வழங்க வேண்டும். மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட், குரோமியக் கழிவு குவிந்த ராணிப்பேட்டை ஆகிய தமிழகப் பகுதிகளுக்கும் இதுவே பொருந்தும்.

பிரம்மபுரத்துக்குப் பின் இது இன்னும் அவசரமாகியிருக்கிறது. 2023 மார்ச் 2 அன்று அக்குப்பைக்கிடங்கில் பற்றிய தீ பத்து நாளைக்கு மேல் புகைந்து கொச்சியை மூச்சுத்திணற வைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதன்பின் வீட்டுக் கழிவை வீட்டிலேயே தீர்க்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. சமையற்கழிவைத் தின்னும் கோழி அதற்குக் கைகண்ட துணை. பிரான்சின் கோல்மார் நகர நிர்வாகம் 2015 முதல் இதற்காகவே வீடுகளுக்குக் கோழி வழங்குகிறது. நல்ல யோசனைதான். ஆனால் கழிவெடுப்போர் வராத நாட்களில் நெகிழிப் பையோடு சேர்த்துக் கொல்லை மூலையில் சருகை எரிக்கும் பழக்கம் தொடரும் வீட்டில், டையாக்சினுக்கு ஆலை தேவையில்லை. அந்தச் சாம்பல்மேடே போதும். கோழிக்குச் சாம்பலில் புரளப் பிடிக்கும் என்பது தெரிந்ததே. கோழி வளர்க்கும் வீட்டில் குப்பை எரிப்பு நிற்க வேண்டும் என்பது கூட்டின் வலையைவிட முக்கியமான நிபந்தனை.

இதில் பல்கலைக்கழகத்தின் பங்கு என்ன? கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருப்பது இம்மண்ணிலேதான். தமிழர் திருக்காட்கரை என்று அறிந்த திவ்யதேசத்துக்கு அண்மையில். சூழலியல் ஆய்வுக்கென்றே அங்கே ஒரு பள்ளி இயங்குகிறது. திருவனந்தபுரத்தின் தேசிய இடைத்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் டையாக்சின் அளக்கும் ஆய்வகம் இருக்கிறது. டையாக்சின் பரிசோதனை செலவு மிக்கது; ஒவ்வொரு வீட்டுக்கும் அதைச் செய்ய இயலாது. ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றை அளப்பது ஒப்பீட்டில் எளிது. முதுகலை மாணவர்கள் ஒரு பருவத்தில் ஒரு வார்டின் கொல்லை மண்களை அளந்துவிட முடியும். அதில் ஐயம் எழுந்த தெருக்களின் முட்டைகளைக் கூட்டு மாதிரியாக்கி டையாக்சினுக்கு அனுப்பலாம். முடிவு ஆய்விதழில் ஆங்கிலத்தில் வருவதோடு நின்றுவிடாமல், மாதிரி கொடுத்த வீட்டுக்கு மலையாளத்தில், அங்கே குடியேறி உழைக்கும் குடும்பங்களுக்குத் தமிழிலும் இந்தியிலும் போய்ச் சேர வேண்டும். ஏலூரின் முட்டையை 2005-இல் அளந்துகாட்டியது ஒரு தன்னார்வ அமைப்பு. அடுத்த அளவையை அருகிலிருக்கும் ஆய்வுக்கூடம் செய்வதில் பெருமைக்குறைவு ஏதும் இல்லை.

ஏற்கெனவே கோழி வளர்த்து வருவோர் பதற வேண்டியதில்லை. மண்ணிலிருந்து பிரித்து, தளமிட்ட இடத்துக்கு மாற்றி, தூய தீவனம் கொடுத்தால் முட்டையின் டையாக்சின் அளவு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். முட்டை வழியாகவே கோழி தன் உடற்சுமையை வெளியேற்றுகிறது. இடைக்காலத்தில் அம்முட்டைகளைச் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கொடுக்காதிருப்பது போதிய முன்னெச்சரிக்கை. புதிதாகத் தொடங்குவோருக்கு உகந்த காலம் மழை ஓய்ந்த பிறகு. நவம்பரில் இரண்டு மாத விடைகளை வாங்கினால் பிப்ரவரி அளவில் முதல் முட்டை வரும். அதற்குக் கூடு செய்யும் ஆசாரியை அக்டோபரில் அழைக்க வேண்டியிருக்கும். கொல்லையின் நான்கைந்து இடங்களில் மேல்மண்ணை அரையங்குல ஆழம் சுரண்டிக் கலந்து, ஒரு கிலோ அளவு துணிப்பையில் கட்டி ஆய்வகத்துக்குக் கொடுக்கும் வேலை செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும்.